'தோட்டத்துக் கலர்' என்று சிரிப்பதற்கு முன்

"இது தோட்டத்துக் கலர்." இந்த வசனத்தைக் கேட்காத ஆட்கள் நம்மில் குறைவு. பதுளை டவுனில் புடவைக் கடையில் நிற்கும்போது கேட்டிருப்போம். கொழும்பில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பன், நம்ம போனில் வீட்டு போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பான். கிளிப்பச்சைச் சுவர், ரோஸ் கதவு, மெரூன் சோபா, அதுக்குப் பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் கதிரை. "என்ன மச்சான், கண்ணு கூசுது!" நாமும் சேர்ந்து சிரித்திருப்போம். இப்போது நிலைமை இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. அந்தச் சிரிப்பு நம்ம வாயிலிருந்தே, நம்ம அம்மாமாரை நோக்கியே வருகிறது. தீபாவளிக்கு லீவில் வீட்டுக்குப் போகிறவர்கள், "இந்தக் கலரை மாத்துங்க, சாம்பல் அடிப்போம், அதுதான் இப்ப மொடர்ன்" என்று சொல்கிறோம்.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிரானது. ஊவாவின் தோட்ட வீடுகளில் இருக்கும் அடிக்கிற கலரும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தளபாடங்களும் ரசனை இல்லாததால் வந்தவை அல்ல. வெளிச்சம், ஈரம், காசு, உரிமை ஆகிய நான்கு விஷயங்களுக்கு நம்ம ஆட்கள் கண்டுபிடித்த பதில் அவை. அதுக்காக "நம்மது எல்லாமே அழகுதான்" என்று முதுகில் தட்டிக்கொடுத்து முடிக்கவும் விருப்பமில்லை. கலரை நல்லாவும் சேர்க்கலாம், மோசமாவும் சேர்க்கலாம். அந்த வித்தியாசத்தைப் பேசாமல் விட்டால் அது மரியாதை ஆகாது, பரிதாபம்தான் ஆகும்.

ஒரு கூரை, எட்டு நிறம்

முதலில் அந்தச் சுவர் யாருடையது என்று பார்ப்போம். லயம் என்பது வீடாக நினைத்துக் கட்டப்பட்டது இல்லை. வேலைக்கு வந்த ஆட்களை வரிசையாக அடைத்து வைக்கக் கட்டப்பட்ட நீளக் கட்டடம். காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. இரட்டை லயம் என்றால் பின்சுவரும் இன்னொரு குடும்பத்தோடு பொது. அதனால் பின்னால் ஜன்னல் வைக்கவும் வழியில்லை. வெளிச்சம் வர வேண்டும் என்றால் கதவைத் திறக்கணும், கதவைத் திறந்தால் பனியும் குளிரும் உள்ளே வரும்.

அந்தச் சுவருக்கு என்ன நிறம் என்று தீர்மானித்தது அதில் குடியிருந்தவர்கள் இல்லை. தோட்டத்து வெள்ளையடிப்புதான். வரிசை முழுக்க ஒரே சுண்ணாம்பு. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. இந்த மாற்றம் எதிலும் காம்பராவின் உறுதிப் பத்திரம் மட்டும் குடியிருப்பவரின் கைக்கு வரவில்லை. வேலையும் வீடும் ஒரே முடிச்சில் இருந்தன. பேர் பதிந்த ஆள் வேலையை விட்டால் "வீட்டை என்ன செய்வது" என்ற கேள்வி அடுத்த நாளே வரும். நம்ம வீடுகளில் பெரியவர்கள் இன்னமும் "காம்பரா தந்தாங்க" என்றுதான் சொல்வார்கள். "எங்க வீடு" என்று சொல்லவே ஒரு தலைமுறை தாண்ட வேண்டியிருந்தது.

இப்போது ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய் மேல் றோட்டில் நின்று கீழே பாருங்கள். ஒரே தகரக் கூரைக்கு அடியில் எட்டுக் குடும்பம் என்றால் எட்டு நிறம். ஒரு வீட்டின் மஞ்சள் முடிகிற இடத்தில், நூல் பிடித்த மாதிரி நேர் கோட்டில், அடுத்த வீட்டின் ஊதா தொடங்கும். நடுவில் ஒரு வீடு மட்டும் பழைய சுண்ணாம்போடு கறுத்துக் கிடக்கும். அங்கே யாரோ வயதானவர் தனியே இருக்கிறார், அல்லது பிள்ளைகள் இன்னும் உழைக்கத் தொடங்கவில்லை என்று ஊருக்குத் தெரியும்.

அந்த நேர் கோடுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன். நிலத்துக்குப் பத்திரம் இல்லை, கூரை பொது, சுவரும் பொது. எல்லை போட வேலி இல்லை. அப்போது "இங்கிருந்து இதுவரைக்கும் நான்" என்று எழுத மிச்சம் இருப்பது கலர் மட்டும்தான். அதை மங்கின சாம்பல் நிறத்தில் எழுதினால் யாருக்குத் தெரியும்? பனிக்குள்ளும் தெரிகிற மாதிரித்தானே எழுதணும்! பக்கத்து வீட்டிலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம் என்றால், அடிக்கிற கலர்தான் சரியான தெரிவு.

காசையும் மறக்க வேண்டாம். 2024இல்தான் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஹாட்வெயார் கடையில் ஒரு வாளி பெயின்ட்டின் விலையைக் கேட்டுவிட்டு, அது எத்தனை நாள் கொழுந்து என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அத்தனை நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்குகிற ஒன்று, வாங்கினது தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பணக்காரரின் ரசனை. நம்ம வீடுகளில் கலர் என்பது செலவழித்த உழைப்பு கண்ணுக்குத் தெரிகிற வடிவம்.

அடிசம் பங்களாவும் நம்ம இஸ்தோப்பும்

தளபாடத்துக்கு வருவோம். "ஒண்ணுக்கொண்ணு மெட்ச் ஆகல்ல" என்பதுதான் வழக்கமான குற்றச்சாட்டு. தாத்தா காலத்துப் பலாமர மேசை. அக்கா டுபாயிலிருந்து அனுப்பின காசில் தவணைக்கு வாங்கின மெரூன் சோபா. சீராக வந்த கண்ணாடி வைத்த அலமாரி. நாலு பிளாஸ்டிக் கதிரை. ஒரே அறையில் நாலு காலம், நாலு ரகம்.

அப்புத்தளையில் அடிசம் பங்களா இருக்கிறது. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயத் துரை கட்டி 1931இல் முடித்த கல் மாளிகை. இங்கிலாந்தின் கென்ட் பகுதிக் கோட்டையின் சாயல், பர்மாத் தேக்கு, அங்கிருந்து வந்த சாமான்கள், அதைச் சுற்றி ஊவாக் காடு. இப்போது அது பெனடிக்டின் துறவிகளின் மடம். பார்க்கப் போகிறவர்கள் டிக்கட் எடுத்துப் போகிறார்கள். கென்ட், பர்மா, அப்புத்தளை ஆகிய மூன்றையும் ஒரே கூரைக்குள் சேர்த்தால் அதுக்குப் பேர் மரபுரிமை. பலா, பிளாஸ்டிக், டுபாய்க் காசு ஆகிய மூன்றையும் ஒரே காம்பராவுக்குள் சேர்த்தால் அதுக்குப் பேர் குப்பை. எங்கேயோ அளவுகோல் மாறுகிறது இல்லையா?

கலவை என்பது கேவலம் என்றால் முதலில் நம்ம வாயைத்தான் கழுவ வேண்டியிருக்கும். கதிரை, மேசை, அலமாரி, ஜன்னல், குசினி, காம்பரா எல்லாமே போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்தவை. இஸ்தோப்பு ஒல்லாந்தருடையது. டிப்பாய், 'டீ' குடிக்கிற மேசை என்பதால் வந்த பேர் என்று நினைப்போம். அது மூன்று கால் என்று பொருள்படும் ஹிந்திச் சொல்லின் வழி வந்தது. சோபாவின் வேர் அரபியில் இருக்கிறது. கட்டில் மட்டும் சங்க காலத்திலிருந்தே நம்மோடு இருக்கிறது. "மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, கட்டிலைக் காம்பராவில் வை" என்று அம்மா சொல்லும்போது அந்த ஒரு வசனத்துக்குள்ளே இரண்டு கண்டம் உட்கார்ந்திருக்கிறது. கலந்து கட்டுவது நம்ம பழக்கம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கலப்பதைக் கலையாகச் செய்து காட்டியவர்களும் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். கொழும்பில் 33ஆவது ஒழுங்கையில் ஜெஃப்ரி பாவாவின் வீடு இருக்கிறது. வரிசையாக நின்ற நான்கு சின்ன வீடுகளை 1958 தொடக்கம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, பத்து வருஷமளவில் ஒரே வீடாக்கினார். உள்ளே செட்டிநாட்டிலிருந்து வந்த மரத் தூண்களும் நிற்கின்றன, நவீனக் கதிரைகளும் கிடக்கின்றன. உலகக் கட்டடக் கலைஞர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். அந்தத் தூண்கள் வந்த செட்டிநாட்டு வீடுகளே பெரிய கலவைதான். பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியக் கண்ணாடி, ஆத்தங்குடித் தரையோடு. பாபரா சன்சோனி 1964இல் தொடங்கிய 'பெயார்ஃபூட்' கைத்தறித் துணிகளில் ரோஸும் செம்மஞ்சளும் ஊதாவும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். மெக்சிகோவில் லூயிஸ் பராகான் கட்டிய வீடுகளின் ரோஸ் சுவர்கள் உலகப் புகழ். 1980இல் அவருக்கு பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. அதே ரோஸ் நம்ம பசறையில் இருந்தால் மட்டும் கண் கூசுகிறதாம்.

சேலையிலிருந்து எடுக்க வேண்டிய கணக்கு

சரி, எப்படிச் சேர்ப்பது? வீட்டு அலங்காரம் செய்கிறவர்களிடம் 60–30–10 என்று ஒரு கணக்கு உண்டு. அறையில் நூற்றுக்கு அறுபது ஒரு நிறம், முப்பது இன்னொன்று, பத்து மூன்றாவது. இதை யூடியூப்பில் பார்த்து ஆச்சரியப்படுகிறோம். ஆனால் நம்ம ஆயாவின் பெட்டியில் இந்தக் கணக்கு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உடல், கரை, முந்தானை. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை. மாம்பழ மஞ்சள் உடலுக்கு வாடாமல்லிக் கரை. இரண்டும் அடிக்கிற கலர்தான், ஆனால் சண்டை போடாது. ஏன் என்றால் இரண்டும் சமமாக இல்லை. ஒன்று அதிகம், மற்றது கொஞ்சம். பாதி மஞ்சள், பாதி வாடாமல்லி என்று யாரும் நல்ல சேலை நெய்வதில்லை.

அறையிலும் அதேதான். சுவரும் கூரையும் உடல். திரைச்சீலை, சோபா, அலமாரி கரை. குஷன், சாமிப்படத்து பிரேம், கதவுச் சட்டம், மேசை விரிப்பு முந்தானை. நம்ம வீடுகளில் கலர் சரிவராமல் போகிற இடம் பெரும்பாலும் இதுதான். நாலு சுவருக்கும் நாலு கலர் அடித்து, நாலும் உடலாக நிற்கும். கரை இருக்காது. கலர் கூடினது இல்லை பிரச்சினை, பங்கு பிரிக்காததுதான்.

இரண்டாவது, வெளிச்சம். ஜன்னல் இல்லாத காம்பராவில் இருண்ட கலரை நாலு சுவருக்கும் அடித்தால் இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் சுவர் குடித்துவிடும். மங்கல் வெளிச்சத்தில் சிவப்பும் மெரூனும் கறுப்பாகத் தெரியும். நீலமும் பச்சையும் அவ்வளவு செத்துப்போகாது. இது நம்ம கண்ணின் இயல்பு. மஞ்சள்தான் வெளிச்சத்தை நல்லாத் திருப்பி அனுப்புகிற அடர் நிறம். ஆகவே மெரூன் பிடிக்கும் என்றால் அதைச் சோபாவுக்குக் கொடுங்கள். கதவுக்கு நேர் எதிர்ச் சுவருக்கு மஞ்சளோ இளம் பச்சையோ அடியுங்கள். கதவால் வருகிற வெளிச்சம் முதலில் போய் மோதுகிற இடம் அது. தலைக்கு மேலே இருப்பது பலகையோ தகரமோ, அதை வெள்ளையாக விடுங்கள்.

ஊவாவில் எல்லா இடமும் ஒன்றும் இல்லை. பதுளை டவுன் சுமார் 680 மீற்றர் உயரம், அப்புத்தளை 1,400க்கு மேலே. அப்புத்தளையில் மார்கழிப் பனிக்குள் நீலச் சுவர் இன்னும் குளிரும். பசறை, ஹாலிஎலப் பக்கம் ஆடி மாதத்துக் காய்ச்சலில் அதே நீலம் ஆறுதல். கொழும்பு வீட்டின் போட்டோவைப் பார்த்துக் கலர் எடுப்பதில் இருக்கிற சிக்கல் இதுதான். அந்த வீட்டுக்கு நாலு பக்கமும் ஜன்னல், வெளியே வெயில். சாம்பல் நிறம் அங்கே அமைதியாக இருக்கும். பத்து மணி வரைக்கும் பனி விலகாத ஊரில், ஒற்றைக் கதவு வீட்டுக்குள், அது ஈரச் சீமெந்து மாதிரித்தான் இருக்கும். கடைக்காரர் காட்டும் கலர் அட்டையை நம்பவும் வேண்டாம். ஒரு சின்ன டின் வாங்கி மட்டையில் அடித்து, சுவரில் சாய்த்து வைத்து, காலைப் பனியில் ஒரு தடவை, ராத்திரி உங்க வீட்டு பல்ப்பில் ஒரு தடவை பாருங்கள்.

மூன்றாவது, தளபாடம். ரகம் வேறாக இருக்கலாம், ஆனால் அவற்றைச் சேர்த்துக் கட்ட ஏதாவது ஒரு கயிறு வேணும். பசறைப் பக்கம் இருக்கிற எங்க சித்தி குவைத்தில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் வீட்டு முன்னறையில் மூன்று கதிரை, மூன்றும் மூன்று ரகம். ஒன்று பின்னல் அறுந்த பழைய பிரம்புக் கதிரை. ஒன்று பள்ளிக்கூடத்துக் கதிரை மாதிரி மொட்டையான பலகைக் கதிரை. ஒன்று முதுகில் பூ வெட்டினது. மூன்றுக்கும் ஒரே கரும்பச்சை எனாமல் அடித்து, பிரம்பு இருந்த இடத்தில் நைலோன் நாடாவைப் பின்னிவிட்டார். மஞ்சள் சுவருக்கு முன்னால் அவை அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. அதே பச்சை கதவுச் சட்டத்திலும், சாமித் தட்டிலும் ஒரு தடவை வரும். "ஒரு கலர் ஒரு இடத்தில மட்டும் இருந்தா விருந்தாளி, மூணு இடத்தில இருந்தா வீட்டாள்" என்பது சித்தியின் கணக்கு. புதுச் செட் வாங்கக் காசு இல்லாததால் கண்டுபிடித்த வழிதான். ஆனால் எந்த இன்டீரியர் டிசைனரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

இன்னொன்று, உயரம். சின்ன அறையில் சாமான்களின் மேல் விளிம்பு ஏறி இறங்கி இருந்தால் கண் களைத்துப்போகும். அலமாரி ஒன்று மட்டும் உயரமாக இருக்கட்டும், அதை மூலையில் வையுங்கள். மற்றவை இடுப்புக்குக் கீழே இருந்தால் சுவரின் கலர் தெரியும், அறையும் பெரிசாகத் தெரியும். அடியில் கால் தெரிகிற கட்டிலும் மேசையும் தரையை மறைக்காது. சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்த்த தரை இருக்கிற வீடுகளில் அந்தத் தரையே ஒரு பெரிய கலர் என்பதையும் மறக்க வேண்டாம். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சுவரைத் தீர்மானிக்கணும்.

பெயின்ட் மறைக்கக் கூடாதவை

"சுவர் ஒழுகுது, இதில கலர் ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒழுகுகிற கூரைக்குப் பெயின்ட் பதில் ஆகாது. அதைவிட, சில இடங்களில் பெயின்ட் கெடுதலே செய்யும்.

பழைய லயச் சுவர்கள் பல கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியவை. அவை ஈரத்தை உறிஞ்சும், வெயில் நாளில் வெளியே விடும். சுண்ணாம்புப் பூச்சு அதுக்கு இடம் கொடுக்கும். அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷனையோ எனாமலையோ அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். அடுத்த மழைக்குப் பெயின்ட் கொப்பளம் போட்டு, தோல் மாதிரி உரியும். அப்படியான சுவருக்கு மலிவான வழியே நல்ல வழி. சுண்ணாம்பில் காவிப் பொடியோ நீலப் பொடியோ கலந்து அடிப்பது. நம்ம தாத்தாமார் செய்ததுதான். பழைய எனாமல் இருக்கிற கதவு ஜன்னலைச் சுரண்டும்போதும் கவனம். பழைய பெயின்ட்டுகளில், முக்கியமாக மஞ்சளிலும் சிவப்பிலும், ஈயம் இருந்திருக்கலாம். காய்ந்தபடி உரசித் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள், சின்னப் பிள்ளைகளைத் தூர வையுங்கள்.

அடுத்தது அதைவிடப் பெரியது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஊவாவில் பிறந்த யாருக்கும் அந்தத் திகதியை விளக்கத் தேவையில்லை. சாய்வு நிலத்தில் இருக்கிற வீட்டுச் சுவரில் புதிதாக வெடிப்பு வந்தால், இருந்த வெடிப்பு அகலமானால், கதவு திடீரென்று சட்டத்தில் இறுகினால், பக்கத்து ஊற்றுத் தண்ணீர் கலங்கி வந்தால், மரங்களும் கம்பங்களும் சாய்ந்தால், நிலம் நகர்கிறது என்பதற்கு அவை அறிகுறியாக இருக்கலாம். அந்த வெடிப்பைப் பட்டி போட்டு அடைத்து மேலே புதுக் கலர் அடித்தால் மலை சொல்கிற சேதியை நாமே அழித்த மாதிரி. முதலில் கிராம சேவகருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். மழை விடாமல் பெய்தால் வீட்டை விட்டு வெளியேறுங்கள். கலர் அதுக்குப் பிறகு.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கு அழகாகவே வரும். எல்ல ரயிலில் போகிற சுற்றுலாப் பயணிகளின் கெமராவுக்கு நம்ம கலர் லயங்கள் நல்ல தீனி. பச்சைத் தோட்டம், நடுவில் வானவில் சுவர், இஸ்தோப்பில் சிரிக்கிற பிள்ளை. லைக் குவியும். அந்தப் படத்தில் பின்சுவரில் ஜன்னல் இல்லாதது தெரியாது. பீலித் தண்ணிக்கு வரிசையில் நிற்பது தெரியாது. நம்ம கலரைக் கொண்டாடுவது என்றால் லயத்தைக் கொண்டாடுவது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கலர் அழகாக இருக்கிறது. அந்தக் கலர் அடித்திருக்கிற கட்டடம் மனிதர் வாழ ஏற்றதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

யாரைக் கேட்டுக் கலர் எடுத்தீங்க?

லயத்துக்குப் பதில் தனி வீடு என்பது இன்று வெறும் கனவு இல்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணி, ஏறத்தாழ 550 சதுர அடி வீடு. தேவைக்கு இது இன்னும் எத்தனையோ மடங்கு குறைவு. ஆனாலும் தனிச் சுவர், தனிக் கூரை, நாலு பக்கம் ஜன்னல் என்பது நம்ம மக்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

அந்த வீட்டுத் தொகுதிகளைத் தூரத்திலிருந்து பார்த்தால், ஒரே அளவு, ஒரே முகம். லயத்தை நறுக்கித் துண்டு துண்டாக வைத்த மாதிரி. வீட்டு மாதிரி ஒன்றாக இருப்பதற்குச் செலவுக் காரணம் இருக்கும், அதை ஏற்கலாம். ஆனால் நிறத்துக்கு என்ன காரணம்? மஞ்சள் வாளியும் வெள்ளை வாளியும் கடையில் ஒரே விலைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கேட்காததற்கு ஒரே காரணம், கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான்.

கேட்டுப் பார்த்த ஒருவர் இதே மலைநாட்டில் இருந்தார். கண்டியைச் சேர்ந்த மினட் டி சில்வா, இந்த நாட்டின் முதல் நவீனப் பெண் கட்டடக் கலைஞர். 1950களில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்தபோது, குடியிருக்கப் போகிறவர்களுக்கு முதலில் கேள்விக்கொத்து கொடுத்தார். எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று கேட்டு, அதற்கேற்பப் பல மாதிரிகளில் வீடுகளை அமைத்தார். அது நடந்து எழுபது வருஷம் ஆகப் போகிறது. கிளார்க் உத்தியோகத்தருக்கு அன்று கொடுத்த அந்த மரியாதையை, கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு இன்று கொடுக்க என்ன தடை?

2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோம். காணி உரிமை, சம்பளம், சம உரிமை என்று கேட்டோம். அந்தப் பட்டியலில் பெயின்ட் வாளியைச் சேர்க்கச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் காணி உரிமை வேணும் என்று கேட்பதன் அர்த்தம் என்ன? இந்தச் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று யாரிடமும் கேட்காமல் அடிப்பது. கதவை எந்தப் பக்கம் வைப்பது என்று நாமே தீர்மானிப்பது. பத்திரத்தில் எழுதியிருக்கிற உரிமை அன்றாட வாழ்க்கையில் இறங்கி வரும்போது இப்படித்தான் இருக்கும், ஒரு ஆணியாக, ஒரு கதவாக, ஒரு கலராக.

ஆகவே நண்பர்களே, இளைஞர் மன்றங்களிலும் கோயில் கமிட்டிகளிலும் தொழிற்சங்கங்களிலும் இருக்கிறவர்களே, அடுத்த வீட்டுத் திட்டம் உங்க தோட்டத்துக்கு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பத்திரம் யார் பேரில்? கலர் யார் தெரிவு? முதல் கேள்விக்கு ஒழுங்கான பதில் வராமல் இரண்டாவதோடு திருப்திப்பட்டுவிட வேண்டாம். முதலாவதற்குப் பதில் வந்துவிட்டது என்பதற்காக இரண்டாவதை விட்டுவிடவும் வேண்டாம்.

அதுவரைக்கும், காம்பராவில் இருக்கிறவர்கள் கழற்றிக் கொண்டுபோகக் கூடிய கலரில் காசைப் போடுங்கள். கதிரை, திரைச்சீலை, மேசை விரிப்பு, அலமாரிக் கதவு. தனி வீடு கிடைக்கிற நாளில் அவை உங்களோடு வரும், சுவர் வராது. லீவுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் சாம்பல் பெயின்ட் வாங்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அம்மாவிடம், "ஏன் இந்தக் கலரை எடுத்தீங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள். பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். அது நீங்கள் நினைத்ததைவிட நல்ல காரணமாகவும் இருக்கும்.